உம்மா சொன்ன கணக்கு



எண்கள் மிகுந்த கட்டுரையைக் கண்டால் நம்மில் பலர் அடுத்த பக்கத்திற்குச் சென்றுவிடுகிறோம். 'புள்ளி விவரம் நமக்கெதற்கு? அது அதிகாரிகளின் வேலை' என்பது நம் எண்ணம். நானும் அப்படி இருந்தவன்தான். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவன் நான். மக்கள் தொகை, பிறப்பு விகிதம், இறப்பு விகிதம் என்பனவெல்லாம் எனக்கு வெறும் இலக்கங்களாகவே இருந்தன. அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு நூலன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில் என் தாயார் சொன்ன ஒற்றைச் சொல். இம்மாதம் அதைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன்.

நான்கா, ஆறா?

2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஆழ்வார்குறிச்சியில் பிசான அறுவடை தொடங்கியிருந்த நேரம். மக்கள் தொகைக் கணக்கெடுப்பிற்காகப் பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட படிவக் கட்டுடன் எங்கள் வீட்டிற்கு வந்தார். உம்மா திண்ணையில் பாய் விரித்து அவரை அமரச் செய்தார்கள். பெயர், வயது, கல்வி, தொழில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்த ஆசிரியை, உம்மாவிடம் திரும்பினார்.

"பெரியம்மா, உங்களுக்கு இப்ப உயிரோட இருக்கிற பிள்ளைங்க எத்தனை? ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு தனித்தனியா சொல்லுங்க."

"நாலு டீச்சர். மூணு ஆணு, ஒரு பொண்ணு."

"சரி. மொத்தம் பெத்தது எத்தனை?"

"அதான் நாலுன்னு சொன்னேனே."

ஆசிரியை பேனாவை எடுத்துப் படிவத்தின்மேல் வைத்தார். பிறகு ஏதோ தோன்றியவராக நிறுத்தினார். "பெரியம்மா, உயிரோட பிறந்து அப்புறம் தவறினது ஏதும் இருந்தா அதையும் சொல்லணும். அதுக்குன்னு தனிக் கட்டம் இருக்கு" என்றார்.

உம்மா உடனே பேசவில்லை. பாயின் ஓரத்து நாரைக் கொஞ்ச நேரம் விரலால் திருகிக்கொண்டிருந்தார்கள். பிறகு, "ஆறு" என்றார்கள்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என்னுடன் பிறந்தவர்கள் ஐவர் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்! ஆசிரியை சென்ற பின்னர் மெல்லக் கேட்டேன். 1972-ல் ஒரு பெண் குழந்தை. பிறந்த எட்டாம் நாள் வாய் திறந்து பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடல் வில்லாய் வளைந்து, இசிவு கண்டு இறந்துவிட்டது. 1975-ல் ஓர் ஆண் குழந்தை. பத்து மாதம். ஒரு பகல், ஓர் இரவு வாந்தி பேதி. மறுநாள் சுபுஹு பாங்கு சொல்லும் முன்னரே முடிந்துவிட்டது. 'யாரும் கேக்கல, நானும் சொல்லல' என்றார்கள் உம்மா. அவ்வளவுதான்.

அந்த இரு குழந்தைகளும் எந்த அலுவலகத்தின் பதிவேட்டிலும் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே இயற்றப்பட்டுவிட்டது. எனினும் வீட்டில் பிறந்து வீட்டிலேயே இறந்த பிள்ளைக்காக எங்கள் வீட்டார் யாரும் பதிவு அலுவலகத்தின் படியேறவில்லை. அவர்கள் இவ்வுலகில் வாழ்ந்தார்கள் என்பதற்கு எழுத்திலுள்ள ஒரே சான்று, அந்த ஆசிரியை நிறுத்திக் கேட்டதால் படிவத்தில் ஏறிய அந்த எண்தான்.

அந்தக் கட்டம் எதற்கு?

உயிருடன் இருக்கும் பிள்ளைகள் எத்தனை, பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்பானேன்? புண்ணைக் கிளறுவதற்கா? இல்லை. பிறப்பும் இறப்பும் ஒழுங்காகப் பதிவாகாத நாடுகளில் குழந்தை இறப்பை எவ்வாறு அறிவது என்பது அறிஞர்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது. வில்லியம் பிராஸ் என்னும் பிரிட்டிஷ் அறிஞர் ஆப்பிரிக்க நாடுகளின் விவரங்களை ஆராய்ந்து 1960-களில் இதற்கு ஒரு வழி கண்டார். தாய்மார்களை வயது வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வயதினரும் பெற்ற பிள்ளைகளில் எத்தனை பங்கை இழந்தார்கள் என்று பார்த்தால், பதிவேடே இல்லாத ஊரிலும் பிள்ளைகள் எத்தனை பேர் சிறு வயதில் இறக்கிறார்கள் என்பதைக் கணித்துவிடலாம் என்று அவர் காட்டினார்.

இக்கணக்கிற்குப் பெரிதும் பயன்படுவது இளந்தாய்மார் தரும் விடை. என் உம்மாவைப் போன்ற முதியவர்களின் விடையோ, முந்திய தலைமுறை எவ்வளவு இழந்தது என்பதற்குச் சாட்சி. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றுதான்: தாய் மனம் திறந்து சொல்ல வேண்டும், கேட்பவர் பொறுமையாகக் கேட்க வேண்டும். அன்று அந்த ஆசிரியை நிறுத்தாமல் 'நான்கு' என்று எழுதிவிட்டு எழுந்திருந்தால், நாட்டின் கணக்கில் இரண்டு உயிர்கள் குறைந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க எவராலும் இயன்றிராது.

ஆயிரத்திற்கு நூற்றுப் பதின்மூன்று

உம்மாவின் துயரம் உம்மாவோடு நின்றதா என்று பிறகு தேடிப் பார்த்தேன். 1971-ல் தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 113 குழந்தைகள் ஒரு வயது நிறையும் முன்பே இறந்தன. ஏறக்குறைய ஒன்பது குழந்தைகளுக்கு ஒன்று! ஒரு தெருவில் அவ்வாண்டு ஒன்பது தொட்டில்கள் ஆடின என்றால், ஆண்டு முடிவதற்குள் அவற்றுள் ஒன்று அவிழ்க்கப்பட்டது என்று பொருள். எல்லா வீட்டிலும் நடந்ததால் அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்த எண் 1981-ல் 91 ஆயிற்று, 1991-ல் 57, 2001-ல் 49, 2011-ல் 22, 2020-ல் 13. அதே 2020-ல் இந்திய நாடு முழுமைக்குமான எண் 28. ஐம்பது ஆண்டுகளுக்குள் ஆயிரத்திற்கு நூறு குழந்தைகள் காப்பாற்றப்பட்டிருக்கிறார்கள். ஒரு மாநிலத்தின் வரலாற்றில் இதைவிட மேலான செய்தி வேறு என்ன இருக்க முடியும்?

இது தானாக நிகழ்ந்ததன்று. என் உடன்பிறந்தவர்கள் இருவரின் சாவையே எடுத்துக்கொள்வோம். எட்டாம் நாள் கண்ட இசிவு, தொப்புள் கொடி வழியே புகுந்த இரண ஜன்னிக் கிருமியின் வேலை. கொடியை அரிவாளால் அறுத்து, சாம்பலையோ மஞ்சளையோ அப்புவது அக்காலத்து வழக்கம். கருவுற்ற தாய்க்கு இரண ஜன்னித் தடுப்பூசியை உரிய கால இடைவெளியில் இரு முறை போட்டு, கொதிநீரில் தூய்மை செய்த கருவியால் கொடியை அறுத்திருந்தால் அந்தப் பெண் குழந்தை இன்று ஐம்பதைக் கடந்த ஒரு மாமியாக இருந்திருப்பாள். அந்தத் தடுப்பூசி ஊர்தோறும் பரவியதன் பயனாக, பச்சிளங் குழந்தைகளைக் கொல்லும் இரண ஜன்னி இந்தியாவில் ஒழிக்கப்பட்டது என 2015-ல் அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது குழந்தையின் கதை இன்னும் நெஞ்சைச் சுடுவது. 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் நகரில் அகதிகளிடையே காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்ட நிலையில், டாக்டர் திலீப் மஹலானபிஸ் என்பவர் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை மாண்டுகொண்டிருந்த முகாமில் சாவு நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. அந்த மருத்துவர் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளிக்கப்பட்டது. என் அண்ணன் இறந்தது 1975-ல். அதாவது, அவனைக் காக்கும் வழி நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் கண்டறியப்பட்டிருந்தது! சர்க்கரையும் உப்பும் எங்கள் வீட்டு அடுக்களையிலேயே இருந்தன. ஆனால், தண்ணீர் கொடுத்தால் பேதி அதிகமாகும் என்றே ஊர்ப் பெரியவர்கள் நம்பினார்கள். குழந்தை நாவறண்டு போயிற்று.

அறிவு கண்டுபிடிக்கப்படுவது ஒரு நாள். அது ஒரு தாயின் கைக்கு வந்து சேர்வது இன்னொரு நாள். அந்த இரு நாட்களுக்கும் இடையே எத்தனை குழந்தைகள் மாண்டன என்பதைத்தான் இந்தப் புள்ளி விவரங்கள் நமக்குச் சொல்கின்றன.

அந்த இடைவெளியைக் குறைத்தவர்களுள் முதலிடம் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கு உரியது. வீடு வீடாகச் சென்று கருவுற்ற பெண்களைக் கணக்கெடுத்து, ஊசி போட்டு, எடை பார்த்தவர்கள் அவர்கள். 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம், 1985-ல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம், ஏழைத் தாய்மாருக்குக் கைகொடுக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி, இரவும் பகலும் பேறு பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், பெண் கல்வி என ஒவ்வொன்றும் தன் பங்கை ஆற்றின. 1992-93-ல் நூற்றுக்குச் சுமார் 64 பேறுகளே மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி அது 99.6 ஆகிவிட்டது.

தாய்மாரின் நிலையும் அவ்வாறே. 2001-03 காலத்தில் ஒரு லட்சம் பேறுகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. 1990-களிலிருந்து தமிழ்நாட்டில் ஒவ்வொரு பேறுகாலச் சாவும் தனித்தனியே விசாரிக்கப்படத் தொடங்கியது. வண்டி வரத் தாமதமா? இரத்தம் கிடைக்கவில்லையா? உறவினர் முடிவெடுக்கத் தயங்கினார்களா? ஒவ்வொன்றையும் கேட்டு எழுதினார்கள். எழுதியதால்தான் எங்கே கோளாறு என்பது தெரிந்தது. தெரிந்ததால்தான் திருத்த முடிந்தது.

எண் எவ்வாறு பிறக்கிறது?

'ஆயிரத்திற்குப் பதின்மூன்று என்று எப்படிச் சொல்கிறார்கள்? எல்லா வீட்டிற்கும் போனார்களா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாடு முழுவதிலுமிருந்து சில கிராமங்களையும் நகரப் பகுதிகளையும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்துக் கணக்கிடும் 'மாதிரிப் பதிவுத் திட்டம்' 1960-களின் நடுவில் சோதனையாகத் தொடங்கி, 1969-70 முதல் முழு அளவில் நடந்து வருகிறது.

அதன் நடைமுறை வியப்பிற்குரியது. தேர்ந்தெடுத்த ஊரில், அவ்வூரிலேயே வாழும் ஒருவர், பெரும்பாலும் ஓர் ஆசிரியர், ஆண்டு முழுவதும் நிகழும் பிறப்பையும் இறப்பையும் உடனுக்குடன் குறித்து வருவார். ஆறு மாதத்திற்கு ஒரு முறை வேறொரு மேற்பார்வையாளர் வந்து, அந்தக் குறிப்பைப் பாராமலே வீடு வீடாகச் சென்று தாமே ஒரு பட்டியல் எடுப்பார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத பெயர் இருந்தால், மீண்டும் அந்த வீட்டிற்கே சென்று உண்மையை அறிந்துகொள்வார்கள். இரண்டு சாட்சிகளை வைத்து ஒரு செய்தியை உறுதி செய்யும் இம்முறை, நமக்குப் புதிதன்று அல்லவா?

எண்ணியவரே வாதாடினார்

மக்களை எண்ணுவதால் ஏழைக்கு என்ன பயன் என்பதற்கு நம் மாநில வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. சென்னை மாகாணத்தில் 1871-ல் நடந்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவர் டபிள்யூ.ஆர். கார்னிஷ் என்னும் மருத்துவர். அவரே மாகாணத்தின் சுகாதார ஆணையராகவும் இருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் 1876-78 பெரும் பஞ்சம் வந்தது. நிவாரணப் பணியில் கல் உடைக்கும் கூலியாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் சிறிது காசும் போதும் என்று இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-ல் குறைத்தார்.

கார்னிஷ் அதை எதிர்த்தார். உழைக்கும் உடலுக்கு அந்த அளவு போதாது என்று மருத்துவக் கணக்கைக் காட்டியே வாதாடினார். சில மாதங்களில் சென்னை அரசு படியை உயர்த்தியது. எனினும் இழப்பு பெரிது. 1871-ல் சுமார் 3 கோடியே 12 லட்சமாக இருந்த மாகாண மக்கள் தொகை, பெருகியிருக்க வேண்டிய பத்தாண்டின் முடிவில், 1881-ல் சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது. அந்த இரண்டு கணக்கெடுப்புகளும் நடந்திராவிட்டால், பஞ்சம் எத்தனை பேரை விழுங்கியது என்று அளந்தறிய வழியே இருந்திராது. நாதியற்று மாண்டவர்களுக்காகச் சாட்சி சொல்வது சில வேளைகளில் ஓர் எண்தான்.

1023 நமக்குச் சொல்வது

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். ஆழ்வார்குறிச்சி 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. 2011-ல் அது பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவ்வாண்டுக் கணக்கின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை 30,77,233. ஆயிரம் ஆண்களுக்கு 1023 பெண்கள். தமிழ்நாடு முழுமைக்கும் இது 996.

இதைக் கேட்டவுடன், 'நம் பகுதியில் பெண் பிள்ளைகள் அதிகம் பிறக்கிறார்கள்' என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. நிதானியுங்கள்! அதே மாவட்டத்தில் ஆறு வயதிற்குட்பட்டோரை மட்டும் பார்த்தால், ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 960 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பிள்ளைகளில் பெண்கள் குறைவு. ஊர் முழுமைக்கும் பார்த்தால் பெண்கள் அதிகம். எப்படி?

இயற்கையிலேயே ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குச் சுமார் 950 பெண் குழந்தைகளே பிறக்கின்றன. ஆகவே 960 என்பது கவலைக்குரிய எண்ணன்று. நம் பகுதியார் பெண் மகவை வெறுத்து ஒதுக்கவில்லை என்பதற்கு ஆறுதலான அடையாளம். ஆனால் 1023 என்பது வேறு கதை. முதுமையில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று நெடுநாள் வாழ்கிறார்கள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், நம் ஒவ்வொரு தெருவிற்கும் தெரிந்தது. 2011-ல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு நடந்தது. அந்த இருபது நாட்களும் வீட்டில் இல்லாதவர் அந்த வீட்டுக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. துபாயில், ரியாத்தில், தோஹாவில் உழைத்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள், கணவன்மார் யாரும் ஊர்க் கணக்கில் இல்லை. சென்னையிலும் மும்பையிலும் கடை வைத்திருந்தவர்கள் அங்கே எண்ணப்பட்டார்கள்.

ஆக, 1023 என்பது பெண்களின் மிகுதியைக் காட்டிலும் ஆண்களின் பிரிவையே பெரிதும் காட்டுகிறது. தொலைபேசிக்குக் காத்திருக்கும் மனைவியும், தந்தையின் முகத்தை நிழற்படத்தில் கண்டு வளரும் பிள்ளையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள்.

இன்னொரு மாவட்டத்தின் எண்ணையும் கேளுங்கள். சேலம் மாவட்டத்தில் 2001-ல் ஆறு வயதிற்குட்பட்ட ஆயிரம் ஆண்களுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். இயற்கையாக இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டால், ஆயிரத்திற்குச் சுமார் நூறு பெண் குழந்தைகளைக் காணவில்லை! அவர்கள் எங்கே போனார்கள் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்களைக் காப்பதற்காக 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது அம்மாவட்டத்தில்தான். கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-ல் வந்தது. 2011-ல் சேலத்தின் எண் 916 ஆக உயர்ந்தது. உயர்ந்திருக்கிறது, நிறையவில்லை. இல்லாதவர்களின் குரலை எழுப்பியது அந்த 851 என்னும் எண். வீடு வீடாகக் கேட்டால் எந்த வீடும் ஒப்புக்கொள்ளாத ஒன்றை, எல்லா வீடுகளின் கூட்டுத் தொகை வெளிப்படுத்திவிட்டது.

இறங்க மறுக்கும் எண்கள்

நல்ல செய்தியோடு நிறுத்திவிட்டால் நான் உங்களுக்குப் பாதிக் கணக்கைத்தான் சொன்னவனாவேன். 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53.4 பேர் இரத்தசோகை உடையவர்கள். அதற்கு முந்திய 2015-16 ஆய்வில் 55 பேர். ஏறத்தாழ மாற்றமே இல்லை. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் நிலையோ மோசமாகியிருக்கிறது; 50.7 ஆக இருந்தது 57.4 ஆயிற்று.

மருத்துவமனை நம் வாசலுக்கு வந்துவிட்டது. உணவுத் தட்டு இன்னும் மாறவில்லை. மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து பீடி சுற்றும் நம் பெண்களை நினைத்துப் பாருங்கள். வீட்டில் அனைவரும் உண்டபின் சட்டியில் மிஞ்சியதை உண்பவர் யார்? அடிக்கடி தலை சுற்றுகிறது என்று சொன்னால், 'பித்தம்' என்று எலுமிச்சைச் சாற்றோடு முடித்துவிடுகிறோம். முருங்கைக் கீரையும் பயறு வகைகளும் முட்டையும் ஈரலும் வீட்டுப் பெண்ணின் தட்டிற்கு முதலில் செல்லட்டும். அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையைச் சுவரலமாரியில் அடுக்கி வைக்காமல் உட்கொள்ளச் செய்யுங்கள்.

அறுவைப் பேறும் சிந்தனைக்குரியது. 2015-16-ல் நூற்றுக்கு 34.1 ஆக இருந்தது 2019-21-ல் 44.9 ஆகிவிட்டது. மக்கள் திரளில் நூற்றுக்கு 10 முதல் 15-க்கு மேல் இதற்குத் தேவை எழ நியாயமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 1985-ல் கூறியிருந்தது. உயிரைக் காக்கத் தேவைப்படும் அறுவையை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால், நல்ல நாள் பார்ப்பதற்காகவும், வலிக்கு அஞ்சியும் கத்தியை நாடுவதா என்பதைக் குடும்பத்தார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னுமொன்று. 2020-ல் ஆயிரத்திற்கு 13 குழந்தைகள் இறந்தன என்றேன். அவற்றுள் 9 குழந்தைகள் பிறந்து 28 நாட்களுக்குள் இறந்தவை. ஆகவே, இன்று எஞ்சியுள்ள ஆபத்தின் பெரும்பகுதி முதல் நாற்பது நாட்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எடை குறைந்து பிறந்த பிள்ளையைத் தாயின் மார்போடு அணைத்துச் சூடு குறையாமல் காப்பதும், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தருவதும், சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டாதிருப்பதும் நம் வீட்டுப் பெரிய பெண்களின் கையில் இருக்கின்றன.

நம் பங்கு

அருமை வாசகர்களே! இத்தனை கணக்கிற்கும் ஊற்று நம் வீட்டு வாசல்தான். நாம் சொல்வதைத்தான் எழுதுகிறார்கள். நாம் மறைப்பது மறைந்தே போகிறது. எனவே சில கடமைகளை நினைவூட்டுகிறேன்.

பிறப்பாயினும் இறப்பாயினும் 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நடுவரின் ஆணை வரை அலைய நேரிடும். பிறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு; ஆழ்வார்குறிச்சித் தாய் அம்பாசமுத்திரத்து மருத்துவமனையில் பெற்றால் பதிவு அம்பாசமுத்திரத்தில்தான். குழந்தைக்குப் பெயர் சூட்டியவுடன் அப்பெயரையும் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். ஓராண்டிற்குள் ஏற்றினால் கட்டணமில்லை. பெயரில்லாத சான்றிதழோடு பள்ளி வாசலில் நின்று தவிக்கும் பெற்றோரை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம் என்பதையும் மறவாதீர்கள்.

பிறந்து சில நாட்களில், சில மணி நேரத்தில் இறந்த குழந்தைக்கும் பிறப்பு, இறப்பு ஆகிய இரண்டையும் பதிவு செய்ய வேண்டும். 'போன பிள்ளைக்கு எதற்குச் சான்றிதழ்?' என்று கேட்காதீர்கள். அடுத்த பிள்ளை போகாமலிருக்க அதுவே வழி. இறப்பின் காரணத்தையும் உண்மையாகச் சொல்லுங்கள். எவர் இறந்தாலும் 'மாரடைப்பு' என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. சர்க்கரை நோயா, சிறுநீரகக் கோளாறா, காசநோயா என்பது தெரிந்தால்தானே அந்நோய்க்கு அவ்வூரில் மருத்துவம் வரும்?

மஹல்லா நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். மையவாடியைப் பராமரிப்பவருக்கு அங்கு நடக்கும் அடக்கத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் கடமையைச் சட்டமே விதித்திருக்கிறது. ஜமாஅத் பதிவேட்டில் பெயர் எழுதுவதோடு நில்லாமல், அக்குடும்பத்தினர் அரசுப் பதிவையும் செய்துவிட்டார்களா என்று கேளுங்கள். பச்சிளங் குழந்தையாயின் கட்டாயம் கேளுங்கள்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய மக்கள் தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவினால் தள்ளிப் போயிற்று. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு அமையும் என 2025 ஜூனில் அறிவித்தார்கள். படிவத்தோடோ கைப்பேசியோடோ வருபவரை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள். அவரும் உங்களைப் போல் வெயிலில் அலைபவர்தான். கேட்பதற்கு உள்ளது உள்ளபடி விடை சொல்லுங்கள்.

என் உம்மா 2018-ல் மறைந்தார்கள். அவர்களது இறப்பை நானே சென்று பதிவு செய்தேன். வரும் கணக்கெடுப்பில் அந்த இரு குழந்தைகளையும் பற்றிச் சொல்ல இனி யாருமில்லை. சொல்லும் உரிமை தாய்க்கு மட்டுமே உண்டு. ஆனால் 2011-ஆம் ஆண்டின் கணக்கில், பெயரில்லாமல், முகமில்லாமல், ஒரு பெரும் கூட்டுத் தொகைக்குள் அவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல வேண்டிய கணக்கு ஏதேனும் இருந்தால், அதைத் தெரிந்த தாய் நம்மோடு இருக்கும்போதே, அருகில் அமர்ந்து கேட்டு வையுங்கள்.